புத்தகம் வெளிவந்த பிறகு பாத்திரத்தின் பாலீர்ப்பை ஆசிரியர் சொன்னால், அது கதையில் சேருமா?

கடைசிப்பக்கம்:

எங்கள் வாசிப்பு வட்டத்தின் அடுத்த அமர்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறோம். எல்லாருக்கும் தெரிந்த உதாரணம், ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரப்பள்ளித் தலைமையாசிரியராக வரும் டம்பிள்டோர். ஹாரி பாட்டர் ஏழாம் பாகம் 2007 ஜூலை 21 அன்று வந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 19 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில், அன்பின் ஆற்றலை அவ்வளவு நம்பிய டம்பிள்டோர் தானும் யாரையாவது காதலித்தாரா என்று வாசகர் ஒருவர் கேட்டார். அவரைத் தன்பாலீர்ப்பாளராகத்தான் எப்போதும் நினைத்து வந்ததாகவும், பிற்காலத்தில் கொடிய மந்திரவாதியான கெல்லர்ட் கிரிண்டல்வால்டை இளவயதில் அவர் காதலித்ததாகவும் நூலாசிரியர் ரோலிங் பதில் சொன்னார். ஏழு பாகங்களில் எங்கேயும் அப்படி வெளிப்படையாக ஒரு வரி கிடையாது.

கேட்க விரும்புவது மூன்று:

1. இப்படிப் பின்னால் சொல்லப்படுவதைக் கதையின் உண்மையாகக் கொள்ளலாமா, வேண்டாமா? முடிவெடுக்க ஏதாவது முறை உண்டா?
2. வாசகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? மகிழ்ந்தவர்களிலேயே பலர் பிறகு கோபப்பட்டார்களே.
3. வட்டத்தில் ஒருவர் தொடர்நாவல் எழுதுகிறார். முதல் பாகம் அச்சாகிவிட்டது, இரண்டாம் பாகம் வரைவில் இருக்கிறது. முக்கியப் பாத்திரம் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று அவர் மனத்தில் இருக்கிறது, முதல் பாகத்தில் சொல்லவில்லை. அவர் என்ன செய்வது நல்லது?

---

ஓரக்குறிப்பு:

முதல் கேள்விக்குத் தேவையான சொற்கள் நம்மிடமே இருக்கின்றன: மூலம், உரை. புத்தகம் கைவிட்டுப் போனதும் நூலாசிரியர் உரையாசிரியர் ஆகிவிடுகிறார். வேறு யாரும் பார்க்காத வரைவுகளைப் பார்த்தவர் என்பதால் அவர் உரைக்கு எடை அதிகம். ஆனாலும் அது உரைதான். பரிமேலழகர் சொன்ன பொருளை மணக்குடவரோடு வைத்துப் பார்க்கிறோம், குறளில் அதற்கு இடமில்லை என்று தோன்றினால் விலகுகிறோம். யாரும் அதைப் பரிமேலழகருக்கு இழைத்த அவமதிப்பாக நினைப்பதில்லை. இங்கும் அப்படித்தான்.

‘ஆசிரியர் இறந்துவிட்டார்’ என்ற ஒரே வாக்கியத்தால் விவாதத்தை மூடிவிடாதீர்கள். பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1967இல் எழுதிய அந்தக் கட்டுரை, ஆசிரியரைச் சாவியாக்கிப் பனுவலைப் பூட்டிவிடாதே என்கிறது. ஆசிரியர் பிறகு சொல்வதையெல்லாம் தூக்கியெறி என்று அதற்குப் பொருளில்லை. அதற்கு இருபது வருடம் முன்பே, 1946இல், அமெரிக்கத் திறனாய்வாளர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியரின் நோக்கத்தைத் தீர்ப்புக்கான அளவுகோலாக வைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது எளிய வேலை: சொன்னதைக் கொண்டுபோய் மூலத்தில் பொருத்திப் பார்ப்பது.

பொருத்திப் பார்க்கும்போது முதலில் ஆசிரியர் சொன்னதைத் தனித்தனிக் கூற்றாகப் பிரியுங்கள். கார்னகி ஹாலில் சொல்லப்பட்டது இரண்டு கூற்று. டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்பது ஒன்று, கிரிண்டல்வால்டைக் காதலித்தார் என்பது இன்னொன்று. முதல் கூற்றை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டாவதற்குத் தேடலாம், ஏனென்றால் அது ஓர் ஆளையும் ஒரு காலத்தையும் சுட்டுகிறது.

அடுத்து இடங்களைக் குறியுங்கள். ஏழாம் பாகம் 18ஆம் அத்தியாயத்தில் கிரிண்டல்வால்டின் பாட்டிமுறை உறவினர் பதில்டா பாக்ஷாட் சொல்வது முக்கியம். இரண்டு பையன்களும் பகல் முழுக்கப் பேசித் தீர்த்த பிறகும், நள்ளிரவில் ஆல்பஸ் டம்பிள்டோரின் ஆந்தை கடிதத்தோடு வந்து கெல்லர்ட்டின் சன்னலைத் தட்டுமாம். ஏதோ யோசனை உதித்துவிடும், அதை உடனே அவனிடம் சொல்லியாக வேண்டும். 35ஆம் அத்தியாயத்தில் டம்பிள்டோர் தன் வாயாலேயே, அவனுடைய கருத்துகள் தன்னை எப்படிப் பற்றி எரியவைத்தன என்று ஹாரியிடம் சொல்கிறார். இந்த இரண்டும்தான் கனமான சான்றுகள்.

மூன்றாவது, ‘அழித்துப் பார்த்தல்’. காதலே இல்லை, நட்பு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு அந்த இடங்களை மறுபடி வாசியுங்கள். விளங்காமல் ஏதாவது நிற்கிறதா? உதாரணத்துக்கு, கிரிண்டல்வால்டை எதிர்கொள்ள 1945 வரை டம்பிள்டோர் ஏன் தள்ளிப்போட்டார்? காதல் என்ற விடை உடனே வந்து விழும். ஆனால் மூலமே வேறொரு விடை தருகிறது: தங்கை அரியானாவைக் கொன்ற மந்திரம் யாருடையது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்த விடை தனியாகவே போதும். அதனால் 1945ஐச் சான்றாகக் காட்டுவது பலவீனமான வாதம். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

காதல் என்ற வாசிப்பால் உண்மையில் லாபம் கிடைப்பது இன்னோர் இடத்தில். அவ்வளவு கூர்மையான பையன், அந்த இரண்டு மாதத்தில் எதிரில் உட்கார்ந்திருந்தவனின் கொடூரத்தை எப்படிப் பார்க்கத் தவறினான்? புகழாசை, வீட்டுச் சுமையின் எரிச்சல் என்று மூலம் காரணம் சொல்கிறது. காதலையும் சேர்த்தால் அந்தக் குருட்டுத்தனத்துக்கு உடம்பு கிடைக்கிறது.

கடைசியாக, எதிர்ச்சான்று. இந்தக் கூற்றை மறுக்கும் வரி ஏதும் ஏழு பாகத்திலும் கிடையாது. ஆறாம் படத்தின் திரைக்கதையில் டம்பிள்டோர் பழைய காலத்துப் பெண் ஒருத்தியை நினைத்துப் பேசுவதாக ஒரு வசனம் இருந்ததாகவும், ஓரத்தில் குறிப்பெழுதி அதை நீக்கவைத்ததாகவும் ரோலிங் அதே கூட்டத்தில் சொன்னார். நல்ல தகவல். ஆனால் சாட்சியும் அவர்தான், சொன்ன இடமும் அதுதான், ஆகவே தனிச்சான்றாக எண்ண வேண்டாம்.

எல்லாம் பார்த்தபின் நான்கு முடிவில் ஒன்று வரும். ஒன்று, மூலமே சொல்லிவிட்டது; இரண்டு, மூலத்தில் இடம் இருக்கிறது, ஆனால் சொல்லப்படவில்லை; மூன்று, மூலத்துக்கு இதனால் ஒன்றும் இல்லை; நான்கு, மூலம் மறுக்கிறது. கடைசி வகையை இடைச்செருகல் என்றே சொல்லலாம். டம்பிள்டோர் என் கணக்கில் இரண்டாம் வகை. நல்ல உரை, மூலத்தின் பகுதி அல்ல.

---

நிழல்வாசகர்:

ஓரக்குறிப்பு காட்டிய முறை சரி. முடிவில் எனக்கு உடன்பாடு குறைவு, அந்தக் குறைவிலேயே இரண்டாம் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

‘இடம் இருக்கிறது’ என்பது எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தும். கதையில் வரும் மணமாகாத எந்தப் பள்ளி ஆசிரியரைப் பற்றியும் அப்படிச் சொல்லிவிடலாம். கேட்க வேண்டியது இது: அதே ஆசிரியர், அதே புத்தகத்தில், ஒளிந்திருந்த இன்னொரு காதலை எப்படிக் கையாண்டார்? 33ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். பள்ளி ஆசிரியர் ஸ்னேப், ஹாரியின் தாய் லில்லியை நேசித்தது வாழ்நாள் முழுக்க மறைந்திருந்த விஷயம். அது வெளிப்பட ஒரு முழு அத்தியாயம் கிடைக்கிறது. சிறுவயது நினைவுகள், கண்ணீர், வெள்ளிமான், டம்பிள்டோரின் ஒரு கேள்வி, ஸ்னேப்பின் ஒற்றைச்சொல் விடை. இரண்டே அத்தியாயம் தள்ளி, 35இல், டம்பிள்டோர் தன் இளமையை மனம்திறந்து பேச உட்காருகிறார். இறந்துவிட்டார், இனி மறைக்க ஒன்றுமில்லை, கேட்பவன் அவர் மிகவும் நேசித்த மாணவன். அந்த இடத்திலும் ‘கருத்துகள்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

மறைந்த காதலை எப்படி எழுதுவது என்று அந்த ஆசிரியருக்கு மிக நன்றாகத் தெரியும். ஒன்றைப் பக்கத்தில் வைத்தார், ஒன்றை மேடையில் வைத்தார். கார்னகி ஹாலில் கைதட்டிய வாசகர்களே பின்னால் கேள்வி கேட்டதற்குக் காரணம் இது. அவர்கள் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்று செய்தி கிடைத்தது, மகிழ்ந்தார்கள். பிறகு புத்தகத்தை எடுத்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

எதிர்வினைகளை ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் அமர்வு அரைமணியில் சண்டையாகிவிடும். ‘குழந்தைகள் கதையில் இது எதற்கு’ என்பவரின் எதிர்ப்பு பாலீர்ப்பின் மீதானது. ‘நான் மனத்தில் வைத்திருந்த டம்பிள்டோரை ஏன் மாற்றுகிறீர்கள்’ என்பவரின் எதிர்ப்பு, எழுதி முடித்த பிறகும் ஆசிரியர் கைவைப்பதன் மீதானது. அவர் ஹாரியின் பிற்காலத் தொழிலைச் சொன்னாலும் இதையே கேட்பார். மூன்றாமவர் பால்புதுமையர் (குயர்) வாசகர். ‘எங்களுக்குரியதை ஏன் புத்தகத்துக்கு வெளியே கொடுத்தீர்கள்’ என்கிறார். முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே அறிவிப்பை எதிர்ப்பதுபோலத் தெரியும், கேட்பது நேர் எதிரானது.

படங்களில் நடந்ததையும் பாருங்கள். 2018 ஜனவரியில் இயக்குநர் டேவிட் யேட்ஸ், ஹாரி பாட்டருக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ வரிசையில் வரவிருந்த இரண்டாம் படத்தில் இது வெளிப்படையாக இருக்காது என்றார். அந்த ஆண்டு நவம்பரில் வந்த படத்தில் ‘சகோதரர்களைவிட நெருக்கம்’ என்ற அளவோடு நின்றார்கள். 2022இல் மூன்றாம் படத்தில்தான் டம்பிள்டோர் காதலித்ததை வாய்விட்டுச் சொன்னார். சீனாவில் திரையிட அந்த வசனங்களை நீக்கினார்கள். மொத்தம் ஆறு வினாடி. வெட்டிய படம் அங்கே தடையில்லாமல் ஓடியது. ஆறு வினாடியை உருவினாலும் கதை குலையவில்லை என்றால், அந்த உண்மையைக் கதையின் எந்த மூலையில் வைத்திருந்தார்கள் என்று யோசிக்க வேண்டும். ஸ்னேப்பின் காதலை ஆறு வினாடியில் வெட்ட முடியாது. வெட்டினால் ஏழு பாகமும் சரியும்.

இன்னொன்று. ‘சொல்ல முடியவில்லை’ என்பதையும் ‘சொல்லவில்லை’ என்பதையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே நாவல் 1890இல் இதழில் வந்தபோதே இதழாசிரியர் சில வரிகளை வெட்டினார், 1891 நூல் வடிவத்தில் வைல்ட் தானே இன்னும் மழுப்பினார். அப்படியும் 1895 வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதழ் வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். பக்கத்தில் எழுதியதே நீதிமன்றத்தில் எதிராக நின்ற காலம் அது. ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 1913, 1914இல் எழுதிய மாரிஸ் நாவல் அவர் இறந்த பிறகு 1971இல்தான் அச்சேறியது. அவர்களுடைய மௌனத்துக்கு விலை இருந்தது.

ஹாரி பாட்டர் காலத்திலும் பிரிட்டனில் ஒரு சட்டம் இருந்தது. 1988இல் வந்த 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடுத்தது. ஸ்காட்லாந்தில் 2000இல் நீங்கியது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இல். முதல் ஐந்து பாகங்கள் வந்தது அந்தக் காலத்தில். பதிப்பகத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை, பள்ளிகளையும் நூலகங்களையும் தயங்கவைத்தது. 1997இல் தயங்கியிருந்தால் புரிந்துகொள்ளலாம். ஏழாம் பாகம் வந்தது 2007இல்.

---

மூன்றாம்வரைவு:

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் பாகம் வரைவில் இருக்கிறது என்றால் உங்கள் நண்பருக்கு எல்லாம் கையில் இருக்கிறது. அந்த பாகம் வரும்வரை நேர்காணலிலோ முகநூலிலோ இதை அவர் சொல்லாமல் இருப்பதே முதல் வேலை. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இரண்டாம் பாகத்தில் வரும் ஒவ்வொரு வரியும் அந்த அறிவிப்புக்கு ஆதாரம் தேடுவதுபோல வாசிக்கப்படும். கதை நிகழ்ந்த வரிசை போய், செய்தி வந்த வரிசை நின்றுவிடும்.

பாத்திரக் குறிப்பேட்டில் அந்தப் பாத்திரத்துக்கு மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். அவனுக்கே எப்போது தெரிந்தது. கதைக்குள் வேறு யார் யாருக்குத் தெரியும், எப்போதிலிருந்து. வாசகருக்கு எந்தப் பக்கத்தில் தெரியலாம். மூன்றாம் கட்டம் காலியாக இருந்தால் அது இன்னும் ஆசிரியரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது என்று பொருள். வரைவை முடித்துவிட்டுப் ‘பிறகு சேர்த்துக்கொள்ளலாம்’ என்றால் அது முடிவுரையில் ஒற்றை வரியாகத்தான் போய் விழும்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரே விஷயத்தின் மூன்று வரைவு தருகிறேன். பெயர்கள் கற்பனை.

முதல் வரைவு: ‘செழியன் இறந்தபின் மாறன் அந்த வீட்டில் வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.’

இரண்டாம் வரைவு: ‘வாடகையைப் பகிர ஆள் பார்க்கச் சொன்னார் வீட்டுக்காரர். மாறன் தலையாட்டினான். செழியனின் தலையணை உறையை அவன் இன்னும் துவைக்கவில்லை.’

மூன்றாம் வரைவு: ‘“அவன் உனக்குத் தம்பி மாதிரிதானே?” என்றாள் அக்கா. மாறன் தலையணை உறையை மடித்தான். “இல்லைக்கா” என்றான். அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை.’

முதல் வரைவில் இருப்பது ஒரு தகவல். எப்படியும் விளக்கிவிடலாம். ஆசிரியர் பின்னால் மேடையேறி என்ன சொன்னாலும் இந்த வரி ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. இரண்டாவதில் உணர்ச்சி வந்துவிட்டது. கவனமாக வாசிப்பவர் பிடித்துக்கொள்வார், ஆனால் மறுக்க நினைப்பவருக்கும் கதவு திறந்திருக்கிறது. மூன்றாவதில் பாலீர்ப்பைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் ‘இல்லைக்கா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு ஆசிரியரே வந்து மறுத்தாலும் எடுபடாது. இன்னொரு மனிதர் கேட்டு, இவன் பதில் சொல்லி, அதற்கு ஒரு விளைவும் இருக்கிறது. அந்த மூன்றும் சேர்ந்தால் வெட்ட முடியாத இடம். அக்கா எழுந்து போகவில்லை என்ற வரியை வெட்டிப் பாருங்கள், காட்சி எவ்வளவு மெலிகிறது என்று தெரியும்.

வழக்கமாகத் தவறும் இடங்களில் ஒன்று: வெளிப்படுத்திய அடுத்த அத்தியாயத்திலேயே அந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிடுவது. கதைக்குத் தேவையாகவே இருக்கலாம், ஆனால் பால்புதுமையர் பாத்திரங்கள் இப்படிச் செத்துச் செத்து அது ஒரு தேய்ந்த வாய்ப்பாடாகிவிட்டது. வாசகர் அதைத் தண்டனையாகவே வாசிப்பார். இன்னொன்று, முதல் பாகத்தில் அவனுக்கு ஒரு பெண்மீது விருப்பம் இருந்ததாக எழுதியிருந்தால் ‘அது நடிப்பு’ என்று ஒரு வரியில் துடைத்துவிடுவது. அவன் இருபாலீர்ப்பு உள்ளவனாக இருக்கலாம், அல்லது அப்போது அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். எதுவானாலும் அந்தப் பெண்ணையும் மறுபடி ஒரு காட்சியில் கொண்டுவந்து கணக்குத் தீர்க்க வேண்டும். அச்சான வரி அச்சான வரிதான்.

இரண்டாம் பாகமே இல்லை, ஒரே நாவல், அச்சாகிவிட்டது என்றால்? அப்போதும் மேடை அறிவிப்புக்கு முன் ஒரு சிறுகதை எழுதலாம். ஓவர்வாட்ச் என்ற காணொளி விளையாட்டில் சோல்ஜர் 76 பாத்திரத்துக்கு அப்படித்தான் செய்தார்கள். 2019 ஜனவரியில் வந்த ஒரு சிறுகதையில், பழைய புகைப்படமும் வின்சென்ட் என்ற பெயரும் வருகின்றன. அதைப் பற்றி வாசகர்கள் கேட்ட பிறகே, இருவரும் காதலர்களாக இருந்தவர்கள் என்று கதையை எழுதிய மைக்கேல் சூ உறுதிசெய்தார். வரிசை முக்கியம்: முதலில் பனுவல், பிறகு விளக்கம்.

கூட்டத்தில் யாராவது கேட்டுவிட்டால் மேடையில் நின்றபடி புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். அப்படி நினைத்து எழுதியிருந்தால், ‘ஆம், இந்த அத்தியாயத்தை அந்த எண்ணத்தோடுதான் எழுதினேன்’ என்று இடத்தைச் சுட்டலாம். நினைக்காவிட்டால், ‘நான் அப்படி எண்ணவில்லை, நீங்கள் அப்படி வாசிக்கப் புத்தகத்தில் இடம் இருக்கிறது’ என்றால் போதும். சுட்டிக்காட்ட இடம் எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால் அந்தப் பதிலை அடுத்த புத்தகத்தில் எழுதுவது மேல்.

---

இருகரை:

மொழிபெயர்ப்பாளர்கள் பக்கமிருந்து ஒரு சேர்க்கை, ஏனென்றால் பிந்திய அறிவிப்பால் அதிகம் இடறுவது அவர்கள்.

ஆங்கிலத்தில் தன்னிலையில் கதை சொல்பவர் தன் முன்னாள் துணையைப் பற்றிப் பேசும்போது அது ஆணா பெண்ணா என்று பல பக்கம் சொல்லாமலே ஓட்டிவிடலாம். தமிழில் ‘காதலி’யா ‘காதலன்’ஆ என்ற கேள்வி முதல் வரியிலேயே வந்து நிற்கும். வினைமுற்றும் காட்டிக்கொடுக்கும்: வந்தான், வந்தாள். மொழிபெயர்ப்பாளர் பழக்கத்தில் எதிர்பாலைப் போட்டுவிடுவார். இரண்டு வருடம் கழித்து ஆசிரியர் வேறு சொல்வார். அப்போது தமிழ்ப் பதிப்பு மட்டும் நான்காம் வகையில், மறுக்கும் வகையில், போய் உட்கார்ந்திருக்கும். மூலத்தில் இல்லாத முரண் அது.

தப்பிக்க வழி உண்டு. ‘நான் முன்பு காதலித்தவர்’, ‘வந்தார்’. பேச்சு நடையானால் ‘வந்தாங்க’. மரியாதைப் பன்மை பாலை மறைத்துக்கொள்ளும். ஆனால் இருபது வயதுக்காரர் தன் வயதொத்தவரைப் பற்றிச் சொல்லும்போது ‘அவர்’ என்றால் ஒரு விலகல் வந்துவிடுகிறது. அங்கே பெயரை இட்டும், எழுவாயை விட்டும், ‘வந்ததும்’, ‘போனபிறகு’ என்று எச்சங்களால் கோத்தும் சமாளிக்க வேண்டும். அரைப்பக்கம் தாங்கும். ஒரு அத்தியாயம் முழுக்க தாங்காது. அதனால் வேலை தொடங்கும் முன்பே, தமிழ் பால் கேட்கும் இடங்களையெல்லாம் பட்டியலிட்டுப் பதிப்பகம் வழியாக ஆசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நேர்மாறான சிக்கலும் உண்டு. நிழல்வாசகர் சொன்ன ‘சகோதரர்களைவிட நெருக்கம்’ வசனத்தை எடுங்கள். ‘அண்ணன் தம்பி மாதிரி இருந்தோம்’ என்று போட்டால் தமிழ் காதுக்கு இயல்பாக இருக்கும், பாசம் கொட்டும், ஆனால் வசனம் செத்துவிடும். எதிரில் இருப்பவர் ‘சகோதரர்கள் மாதிரி’ என்கிறார், டம்பிள்டோர் அதைத் திருத்துகிறார். அந்த வசனத்தின் உயிர் முழுக்க ‘விட’ என்ற சொல்லில் இருக்கிறது.

சொல்லைப் பற்றியும்: ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று இன்னும் சில இடங்களில் எழுதுகிறார்கள். அந்தச் சொல் செயலைக் குறிக்கிறது. டம்பிள்டோர் விஷயத்தில் பேசப்படுவது ஈர்ப்பு, அதுவும் ஒருதலையாக இருந்திருக்கக்கூடியது. ‘தன்பாலீர்ப்பு’ என்பதுதான் சரியாகப் பொருந்தும்.

---

கடைசிப்பக்கம்:

மிக்க நன்றி. ஸ்னேப் அத்தியாயத்தோடு ஒப்பிடும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒரு சந்தேகம். தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் என்றால் எழுதியவர் பலர். யார் சொல்வது உரை?

---

ஓரக்குறிப்பு:

முதலில் நிழல்வாசகருக்கு: 33ஐயும் 35ஐயும் பக்கத்தில் வைத்தது என் வாசிப்பில் விடுபட்டது. இரண்டாம் வகை என்பதை மாற்றவில்லை, ஆனால் ‘இடம் இருந்தும் சொல்லப்படவில்லை’ என்று அழுத்தி எழுத வேண்டும்.

பலர் எழுதியதில், சொன்னவர் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான செசமி ஸ்ட்ரீட்டின் பெர்ட், எர்னி பொம்மைகளைத் தான் ஒரு காதல் இணையாக நினைத்தே எழுதியதாக, அத்தொடரில் எழுதிய மார்க் சால்ட்ஸ்மன் 2018 செப்டம்பரில் வந்த நேர்காணலில் சொன்னார். நிறுவனம் உடனே, அவர்கள் பொம்மைகள், நல்ல நண்பர்கள், பாலீர்ப்பு கிடையாது என்றது. பெர்ட்டை இயக்கிய ஃபிராங்க் ஆஸும் மறுத்தார். மூன்று உரையாசிரியர்கள், மூன்று விதம். சால்ட்ஸ்மன் எழுதிய காட்சிகளுக்கு அவர் சொல் பொருந்தலாம், எழுதாதவற்றுக்குப் பொருந்தாது.

இதைவிடச் சுவையானது 1959இல் வந்த பென்-ஹர் படம். திரைக்கதையில் வேலை செய்த கோர் விடால், மெசாலாவும் பென்-ஹரும் இளவயதில் காதலர்கள் என்ற அடிநாதத்தை வைத்ததாகவும், மெசாலாவாக நடித்த ஸ்டீபன் பாய்டிடம் சொல்லிவிட்டு சார்ல்டன் ஹெஸ்டனிடம் சொல்லவில்லை என்றும் 1995 ஆவணப்படத்தில் கூறினார். ஹெஸ்டன் கடுமையாக மறுத்தார். ஆனால் விடால் சொன்னது உண்மையானால் ஹெஸ்டனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, ஆகவே அவர் மறுப்பு எதையும் தீர்க்காது. இப்படிப்பட்ட இடத்தில் சாட்சிகளை விட்டுவிட்டு இருவரும் மறுபடி சந்திக்கும் காட்சியில் பாய்டின் கண்களைப் பாருங்கள். சான்று இருந்தால் அங்கேதான்.

நன்றாகச் செய்யப்பட்டதற்கு உதாரணம் கோரா என்ற அமெரிக்க அனிமேஷன் தொடர். 2014 டிசம்பர் 19 இறுதிப் பகுதியின் கடைசிக் காட்சியில் கோராவும் அசாமியும் கைகோத்து, ஒருவரையொருவர் பார்த்தபடி ஒளிக்குள் போகிறார்கள். மூன்று நாள் கழித்துப் படைப்பாளிகள் இருவரும் தனித்தனியே, ஆம், அது காதல்தான் என்று எழுதினார்கள். 2017இல் வந்த சித்திரக்கதை அந்தக் காட்சியிலிருந்தே தொடர்ந்து அவர்களைக் காதலர்களாக நடத்தியது. மூலத்தில் ஒரு படிமம், அதற்கு உரை, உரைக்குப் பிறகு மறுபடி மூலம். அந்த மூன்றாம் படிதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

---

நிழல்வாசகர்:

அமர்வுக்கு ஒரு யோசனை. கார்னகி ஹால் பதிலில் தொடங்காதீர்கள். அதைக் கேட்ட பிறகு யாராலும் 18ஆம் அத்தியாயத்தைப் புதிதாக வாசிக்க முடியாது, எல்லாக் கண்ணும் ஆந்தையைத் தேடும். புத்தகத்தையே வாசிக்காதவர் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். 18இல் பதில்டா சொல்லும் பகுதி, 33இன் கடைசிப் பக்கங்கள், 35இல் டம்பிள்டோர் தன் குற்றத்தைச் சொல்லும் பகுதி, மூன்றையும் அதே வரிசையில் படியெடுத்துக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் ‘இங்கே யார் யாரை நேசிக்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்டு, ஒவ்வொருவரும் தாளில் தனியாக எழுதட்டும். ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டினால் பயனில்லை. வாசிக்காதவர்களின் தாளை முதலில் படியுங்கள். ரோலிங்கின் பதில் அதற்குப் பிறகு வரட்டும்.

---

கடைசிப்பக்கம்:

அப்படியே செய்கிறோம். புத்தகம் வாசிக்காத மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். படிகளில் அத்தியாயத் தலைப்பை மறைத்துவிடலாம் என்றிருக்கிறேன். நாவல் எழுதும் நண்பர் மூன்று வரைவையும் பார்த்துவிட்டு, பாத்திரக் குறிப்பேட்டில் மூன்றாம் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது என்கிறார்.